கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு, ஆத்தா அப்பச்சிக்கு சோலார் வெந்நீர்: ட்யூபா பிளேட்டா, எத்தனை லிட்டரு?

பின்கட்டு_பையன்

வணக்கம் எல்லாருக்கும், ரொம்ப நாளா படிச்சுட்டு சத்தமில்லாம போறவன், முத தடவையா கேக்குறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

வீடு கானாடுகாத்தானுக்கு பக்கத்து ஊரு. பழைய வீடு, முகப்பு ஒரு தெருவுல பின்வாசல் அடுத்த தெருவுலன்னு இருக்கும்ல அந்த மாதிரி. நாலு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு இருக்கு ஆனா மத்தவுக எல்லாம் மதுரை கோயமுத்தூரு மலேசியான்னு போயிட்டாக, இப்ப உள்ள இருக்கறது எங்க ஆத்தாவும் அப்பச்சியும் (அம்மா அப்பா) மட்டும்தான், நான் சென்னைல. வெந்நீருக்கு இன்னிக்கு வரைக்கும் கடைசிக் கட்டுல இருக்க விறகடுப்புதான், அதுமேல செப்பு அண்டா. போன மார்கழில அந்தப் புகைல ஆத்தாவுக்கு இழுப்பு வந்து மூணு நாளு காரைக்குடில ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். விறகு பொளந்து குடுக்க வர்றவரும் வயசாகி நின்னுட்டாரு. அதனால இந்த வருசம் ஐப்பசிக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணு பண்ணியே ஆகணும்.

ரெண்டு கடைல விசாரிச்சேன். ஒருத்தரு வீட்ட வந்து பாத்துட்டு "இம்புட்டு பெரிய வீட்டுக்கு 300 லிட்டராவது வேணும் சார்"ங்கறாரு. இன்னொருத்தரு 200 போதும், ஆனா கண்ணாடி ட்யூப் வேணாம், செப்பு பிளேட்தான் காலத்துக்கும் நிக்கும்ங்கறாரு. எங்க அத்தான் என்னடான்னா ரெண்டுமே வேணாம்டா, கவர்மெண்ட் மானியத்துல மாடில பேனல் போடு 78,000 தர்றாங்கன்னு சொல்றாக. எனக்கு தலை சுத்துது.

என் கேள்வி: ட்யூபா பிளேட்டா, எத்தனை லிட்டரு, எங்க வைக்கறது (மெயின் வீடு பூரா நாட்டு ஓடு, அது மேல யாரையும் ஏறவே விட மாட்டேன், பின்னாடி பாத்ரூம் மட்டும் 90ல கட்டுன கான்கிரீட்டு), போர் தண்ணி கொஞ்சம் உப்பு அதுக்கு தாங்குமா, அப்புறம் அடமழைல என்ன பண்றது. படைப்பு (முன்னோர் கும்பிடு), கல்யாணம்னு வந்தா வீட்ல 40 பேரு தங்குவாக, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

கோட்டையூர்_பைப்பு

தம்பி நான் இருவது வருசமா பிளம்பிங், சோலாரும் மாட்டுறேன். கம்பெனி பேரு எதுவும் சொல்ல மாட்டேன், அதக் கேக்காதீங்க.

மொதல்ல அது எப்புடி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்குவீங்க. ஊருணில மத்தியானம் இறங்குனா இடுப்புக்கு மேல வெதுவெதுன்னும் காலடில ஜில்லுன்னும் இருக்கும்ல, அம்புட்டுதான் விஷயம். சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், பச்சத்தண்ணி கனத்து கீழ இறங்கும். வெயில் வாங்குற பாகம் கீழ சாஞ்சு இருக்கும், டேங்கு அதுக்கு மேல படுத்திருக்கும். கீழ சுட்ட தண்ணி தானா டேங்குக்குள்ள ஏறும், டேங்கு அடில இருக்க பச்சத்தண்ணி அந்த இடத்துக்கு இறங்கும், வெயில் இருக்கற வரைக்கும் இது சுத்திக்கிட்டே கெடக்கும். மோட்டாரும் கிடையாது கரண்டும் கிடையாது. டேங்க சுத்தி ரெண்டு இஞ்சி கனத்துக்கு பஃப்னு ஒரு நுரை அடச்சிருப்பாங்க, அதனாலதான் சாயங்காலம் சுட்டது விடிகாலை வரைக்கும் சூடு தாங்குது.

ட்யூப்ங்கறது வேற ஒண்ணுமில்ல, காப்பி பிளாஸ்க்கு மாதிரி ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்த உறிஞ்சிருப்பாங்க, உள் கண்ணாடில கறுப்பா ஒரு பூச்சு. வெயில் உள்ள போகும், சூடு வெளிய வராது. உள்ள தண்ணி கொதிக்கறப்ப வெளிய தொட்டுப் பாருங்க, சுடவே சுடாது. ட்யூப்போட நுனில வெள்ளி மாதிரி மின்னும் பாருங்க, அது என்னிக்கு பால் வெள்ளையா மாறுதோ அன்னிக்கு உள்ள காத்து புகுந்துருச்சு, அந்த ட்யூப் அவுட்டு. கடைல வாங்கறப்பவே ஒவ்வொண்ணா நுனியப் பாத்து வாங்குங்க.

பிளேட்டு வேற ஜாதி. கறுப்பு தகடு, அதோட ஒட்டி செப்புக் குழாய், மேல கெட்டிக் கண்ணாடி. நல்ல சாமான்தான், குரங்கு குதிச்சாலும் தாங்கும். ஆனா குழாய் அரை இஞ்சி. உப்புத் தண்ணில சுண்ணாம்பு கட்டி அடச்சுக்கும். காரைக்குடி சம்பை ஊத்து மாதிரி நல்ல தண்ணி வர்ற வீடுன்னா நானே பிளேட்ட போடுங்கன்னு சொல்லுவேன். போர் தண்ணி உப்புங்கறீங்க, அதுக்கு ட்யூப்தான். பிளேட்டே வேணும்னு நின்னா உள்ள தனித் தண்ணி சுத்துற மாதிரி, எக்ஸ்சேஞ்சர் வச்சது வாங்கணும், விலை கூடும்.

எங்க வைக்கறதுங்கறதுதான் உங்க கேள்விலயே பெரிய கேள்வி. ஓட்டு மேல யோசிக்கவே வேணாம், 100 லிட்டரு தண்ணியே 100 கிலோ, டேங்கு ஸ்டாண்டு எல்லாம் சேத்தா அதுக்கு மேல. பாத்ரூம் கான்கிரீட்டுதான் இடம். தெக்குப் பாத்து வைக்கணும், ஏன்னா மார்கழி தையில சூரியன் நமக்கு தெக்கால சாஞ்சுதான் போகும், நமக்கு வெந்நீர் வேண்டியதும் அப்பத்தான். ஆனி ஆடில உச்சி வெயிலு லேசா வடக்கால போயிரும், போகட்டும், அப்ப யாரு சுடுதண்ணி கேட்டா.

இப்ப நீங்க ரெண்டு விஷயம் பாத்து சொல்லுங்க. ஒண்ணு, உங்க சிண்டெக்ஸ் டேங்கு எங்க இருக்கு, அதே பாத்ரூம் மாடில தரையோட உக்காந்திருக்கா? அப்படின்னா சிக்கல். பச்சத்தண்ணி டேங்கோட அடி, சோலார் டேங்குக்கு ஒரு அடியாவது மேல இருக்கணும், இல்லாட்டி தண்ணி இறங்காது. அதுக்குன்னு ரொம்ப உசரத்துல தூக்கியும் வைக்கக்கூடாது, சாதா சோலார் டேங்கு அந்த ப்ரஷர தாங்காது. ரெண்டாவது, ஒரு நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் செலவாகுது? வீடு எம்புட்டு பெருசுன்னு கேட்டு லிட்டரு சொல்றவன நம்பாதீங்க. வளவுல தூணு எத்தனைன்னு எண்ணியா வெந்நீர் காச்சுறோம்?

மீட்டர்_மணி

எல்லாரும் திட்டுவீங்க, பரவால்ல. ரெண்டே பேருக்கு எதுக்குய்யா சோலாரு?

கணக்கு ரொம்ப சுலபம், எத்தனை லிட்டரோ அத எத்தனை டிகிரி ஏத்தணுமோ அதால பெருக்கி 860ஆல வகுத்தா யூனிட்டு வந்துரும். வயசானவுக ஆளுக்கு ஒண்ணரை வாளி, ரெண்டு பேருக்கு 60 லிட்டர்னு வைங்க, மார்கழி காலைல தண்ணி 25 டிகிரி, குளிக்க 41 போதும். 60 பெருக்கல் 16, 960. வகுத்தா 1.1 யூனிட். கெய்சர் சும்மா நிக்கறப்ப ஆறுறதையும் சேத்து ஒண்ணரை. ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட். நம்ம தமிழ்நாட்ல ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் வீட்டுக்கு ஃப்ரீ, அதுபோக மிச்சத்துக்கு கட்டுற காசு ஒரு பெரிய காசா. சித்திரை வைகாசில கெய்சர தொடவே போறதில்ல. சோலாருக்கு போடற காச நீங்க கரண்ட் பில்லுல திரும்ப எடுக்க எத்தனை வருசம் ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. 15 லிட்டர் கெய்சர் ஒண்ண மாட்டுங்க, எர்த்து ஒழுங்கா போடுங்க, சோலி முடிஞ்சுது.

தேவகோட்டை_ஆச்சி

மணி தம்பி கணக்கு சரிதான், ஆனா தம்பி வெந்நீர் குளிக்க மட்டும்னு நெனச்சுக்கிட்டாக. எங்க வீட்ல நெய் பாத்திரம் எண்ணெய்ச் சட்டி கழுவ, அதிரசம் முறுக்கு சுட்ட அன்னிக்கு எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க, பேரன் பேத்தி வந்தா துணி முக்க, எல்லாத்துக்கும் குழாயத் தொறந்தா வெந்நீர்னு ஆனப்பறம்தான் அதோட அருமையே தெரிஞ்சுது. அதோட எனக்கு சுவிச்சுல கை வைக்கவே பயம், ஈரக்கையோட.

நாங்க 2019ல 200 லிட்டரு ட்யூப் போட்டோம். நான் பட்டத சொல்றேன், நீங்க படாதீக.

மாட்டுன ஆளு வெந்நீர் லைனுக்கும் சாதா பிவிசி பைப்பவே போட்டுட்டு போயிட்டான். எங்களுக்கு என்ன தெரியும், வெள்ளையா இருந்துச்சு பைப்புன்னு இருந்துட்டோம். தை மாசம் பூரா நல்லா வந்துச்சு. சித்திரை வந்துச்சு பாருங்க, பைப்பு சாரைப்பாம்பு மாதிரி நெளிஞ்சு தொங்குது, ஒரு நாளு மத்தியானம் மூட்டு விட்டு கொதிக்கிற தண்ணி கொல்லைப்பக்கம் காய வச்சிருந்த வத்தல் மேல ஊத்திருச்சு. அப்புறம் வேற ஒருத்தரு வந்து பூரா சிபிவிசில மாத்துனாரு, அதுதான் சூடு தாங்கும்னாரு, மேல கறுப்பா ஸ்பாஞ்சு உறையும் போட்டாரு.

ரெண்டாவது மயிலு. எங்க பக்கம் மயில் தொல்லை தெரியும்ல. விடியக்காலம் அஞ்சு மணிக்கு டமார்னு சத்தம், தேங்காதான் விழுந்துச்சுன்னு படுத்துட்டேன். எந்திரிச்சு பாத்தா ஒரு ட்யூப் உடஞ்சு மாடிலேர்ந்து தண்ணி ஓடுது ஓடுது, சோலார் டேங்கும் காலி, அது வழியா மேல இருந்த 1000 லிட்டர் சிண்டெக்ஸும் காலி. ஒரு ட்யூப் போனா அந்த ஓட்டை வழியா மொத்தமும் போகும்னு யாரும் சொல்லல. சிண்டெக்ஸ்லேர்ந்து சோலாருக்கு வர்ற பைப்புல கைக்கு எட்டுற இடத்துல ஒரு வால்வு வச்சுக்கங்க, அவசரத்துக்கு மூடலாம். ட்யூப் மேல கம்பி வலையும் போட்டுட்டோம், இப்ப மயிலு வந்து வலைமேல நிக்குது, நிக்கட்டும்.

மூணாவது ரொம்ப முக்கியம். எங்க பாத்ரூம் ரெண்டு, ஒண்ணு டேங்குக்கு நேர் கீழ, இன்னொண்ணு முகப்புப் பக்கம் விருந்தாளிக்கு. முகப்பு பாத்ரூமுக்கு பைப்பு போய்ச் சேர 25 மீட்டரு. அங்க குழாயத் தொறந்தா அரை வாளி கிட்ட பச்சத்தண்ணியேதான் வரும், அப்புறம்தான் வெந்நீர். வந்தவுக கால் வாளி புடிச்சுப் பாத்துட்டு "ஆச்சி உங்க சோலாரு வேலை செய்யல"ன்னு சொல்லிட்டு பச்சத்தண்ணிலயே குளிச்சுட்டு வருவாக. எனக்கு மானம் போகும்.

இன்னொண்ணு, எங்க அப்பத்தா காலத்துல பச்சப்புள்ளைய குளிப்பாட்ட முற்றத்துல பித்தளை அண்டால தண்ணிய வெயில்ல வச்சிருவாக, பதினோரு மணிக்கு கைய விட்டா பதமா இருக்கும். அதுக்கு யாரு மானியம் குடுத்தா.

உப்பு_இஞ்சினியர்

ஆச்சி சொன்ன அந்த 25 மீட்டருக்கு கணக்கு இருக்கு. முக்கா இஞ்சி பைப்புல ஒரு மீட்டருக்கு கால் லிட்டருக்கு கொஞ்சம் மேல தண்ணி நிக்கும், 25 மீட்டருக்கு ஏழு லிட்டரு. அந்த ஏழு லிட்டரும் போன தடவை வந்த வெந்நீர், பைப்புக்குள்ளயே ஆறிப் போனது. ஒவ்வொரு ஆளும் குளிக்கப் போறப்ப ஏழு லிட்டர் சூட்ட பைப்புக்கு தானம் பண்றோம். செட்டிநாட்டு வீட்டு நீளத்துல சோலாருக்கு எதிரி மேகம் இல்ல, இதுதான். ஒரு இஞ்சி பைப்பு போட்டா நல்லா வரும்னு சில பேரு போடுவாங்க, அதுல மீட்டருக்கு அரை லிட்டர், நட்டம் இன்னும் கூடும்.

ஆச்சி அப்பத்தாவோட அண்டா கதைக்கு ஒரு சின்ன சரித்திரம், கேக்காட்டியும் சொல்றேன். மொத மொதல்ல கடைல வித்த சோலார் ஹீட்டர் 1891ல, அமெரிக்கா பால்டிமோர்ல கிளாரன்ஸ் கெம்ப்ங்கறவரு பேட்டண்ட் வாங்குனது. கிட்டத்தட்ட அதே அண்டாதான், கறுப்படிச்ச டேங்கு, மேல கண்ணாடி போட்ட பெட்டிக்குள்ள. சாயங்காலம் நல்லா சுடும், விடிஞ்சா ஆறிப் போயிருக்கும். 1909ல வில்லியம் பெய்லின்னு ஒருத்தரு கலிஃபோர்னியால வெயில் வாங்குறத தனியா, தண்ணி தங்குறத தனியா பிரிச்சு, டேங்க மேல தூக்கி சுத்தி பொதிஞ்சு வச்சாரு, பேரே "டே அண்ட் நைட்". கோட்டையூர் அண்ணன் சொன்னது பூரா அந்த 1909 யோசனைதான்.

இப்ப உப்பு. தண்ணிய சுட வைக்கறப்ப அதுல கரஞ்சிருக்க கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாப் பிரிஞ்சு படியும், டீ போடற பாத்திரத்து அடில வெள்ளையா பாக்குறோமே அதேதான். அண்ணன் சொன்ன மாதிரி பிளேட்ல அது குழாய அடைக்கும். ட்யூப்ல வாய் அகலம், படிவு வழுக்கி அடில போயி உக்காரும், வருசத்துக்கு ஒருதடவை கழட்டி தட்டிக் கொட்டிக்கலாம். ஆனா உப்புன்னு நாக்குல படுதுன்னா அது சுண்ணாம்பு இல்ல குளோரைடு, அதோட சண்டை ட்யூப்போட இல்ல, டேங்கோட. சாதா எஸ்எஸ் 304 டேங்கு குளோரைடு கூடுன சுடுதண்ணில வெல்டிங் ஓரமா ஊசி ஓட்டை மாதிரி விழும். எவர்சில்வர்னா துரு புடிக்காதுன்னு நம்பிக்கிட்டு இருப்போம். செக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வச்சிருக்க ஊர்க்காரன்கிட்ட அரிமானத்தப் பத்தி பாடம் எடுக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன், 316எல் ஸ்டீலு இல்லாட்டி உள்ள கிளாஸ் லைனிங் (கண்ணாடிப் பூச்சு) குடுத்த டேங்கு கேளுங்க. எதுன்னாலும் உள்ள மக்னீசியம் ஆனோடு தண்டு இருக்கான்னு பாருங்க. டேங்குக்கு பதிலா தன்னைக் கரச்சுக்கறதுக்குன்னே வைக்கற தண்டு அது. கரஞ்சு போச்சுன்னா புதுசு மாட்டணும், மாட்டாம விட்டா அடுத்து கரையறது டேங்கு. மொதல்ல தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல குளோரைடும் கடினத்தன்மையும் மட்டும் பாக்கச் சொல்லுங்க, அது தெரியாம டேங்கு வாங்காதீங்க.

அத்தான் சொன்ன 78,000 நெசம்தான், ஆனா அது பிரதமர் சூர்ய கர் திட்டத்துல கரண்டு தயாரிக்கற பேனலுக்கு, அதுவும் 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போட்டா வர்ற தொகை, 1 கிலோவாட்டுக்கு 30,000. வெந்நீர் ஹீட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேனலு வெயில கரண்டாக்கும், இது வெயில சூடாவே வாங்கிக்கும். பங்காளி வீட்டு ஓட்டு மேல 3 கிலோவாட்டு பேனலுக்கு இடம் கேட்டா அதுக்கு ஒரு பஞ்சாயத்து தனியா நடக்கும்.

மணி கேட்டதுக்கு: காசு மட்டும் பாத்தா நீங்க சொல்றது பெரும்பாலும் சரி, ரெண்டு பேருக்கு சோலார் சீக்கிரம் காசத் திருப்பாது. விறகுக்கு பதிலா போடறாங்கங்கறதையும் சேத்துப் பாருங்க. அந்த அம்மாவோட மூச்சுக்கு யூனிட் கணக்கு கிடையாது. ஆனா அதுக்கு கெய்சரே போதும்னு நீங்க திருப்பிச் சொன்னா என்கிட்ட பதில் இல்ல.

மீட்டர்_மணி

திருப்பிச் சொல்றேன் 😄 கெய்சரே போதும். ஆனா ஆச்சி சொன்ன எண்ணெய்ச் சட்டிக்கு நான் கணக்கு போடல, அத ஒத்துக்கறேன்.

பின்கட்டு_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன வாரம் ஊருக்குப் போயி கோட்டையூர் அண்ணன் சொன்னபடி ரெண்டு நாளு உக்காந்து எண்ணுனேன். ஆத்தா ஒண்ணரை வாளி, அப்பச்சி ஒரு வாளி, அடுப்படிக்கு ரெண்டு சொம்பு, வேலைக்கு வர்றவுக பாத்திரத்துக்கு அரை வாளி. மொத்தம் மூணு வாளி, பதத் தண்ணி. மணி சார் கணக்கு மாதிரியே போட்டுப் பாத்தேன், 60 டிகிரில 100 லிட்டரு இருந்தா 25 டிகிரி தண்ணியோட கலந்து 41ல கிட்டத்தட்ட 220 லிட்டரு வருது, அதாவது 20 லிட்டர் வாளில பதினொண்ணு! எங்களுக்கு வேண்டியது மூணு. 300 லிட்டரு சொன்னவர நெனச்சு சிரிச்சுக்கிட்டேன்.

அண்டா இருக்க கடைசிக் கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல நாலு எட்டுதான், பைப்பு அஞ்சு மீட்டருக்குள்ள முடிஞ்சுரும். முகப்பு பாத்ரூமுக்கு லைனே இழுக்கப் போறதில்ல.

சிண்டெக்ஸ் நீங்க பயந்த மாதிரியே தரையோட உக்காந்திருக்கு. அதத் தூக்க ஸ்டாண்டுக்கு எவ்வளவு ஆகும்னு வெல்டரக் கேட்டேன், அவரு சொன்ன தொகையப் பாத்தா ஹீட்டருல பாதி வருது. என்ன பண்றது? இன்னொரு சந்தேகம், கிழக்கால மெயின் வீட்டு மாடி உசரம், காலைல ஒன்பது ஒன்பதரை வரைக்கும் பாத்ரூம் மேல நிழல் விழுது. தெக்க ஒரு வேப்பமரம், கிளை கொஞ்சம் கவிஞ்சிருக்கு.

அப்புறம் அடமழை, 40 பேரு. இது ரெண்டுக்கும் யாரும் சொல்லலியே.

கோட்டையூர்_பைப்பு

பெரிய சிண்டெக்ஸ தூக்க வேணாம் தம்பி. அத அங்கனயே விட்டுட்டு சோலாருக்குன்னு தனியா ஒரு சின்ன 200 லிட்டரு டேங்கு மட்டும் ஸ்டாண்டுல ஏத்துங்க, மோட்டார் லைன்லேர்ந்தே அதுக்கு ஒரு கிளை, உள்ள, நிரம்புனா தானா மூடிக்கற மிதக்கும் பந்து வால்வு ஒண்ணு. சின்ன ஸ்டாண்டு, செலவு அடங்கிரும். ஆனா ஒண்ணு மறந்துறாதீங்க, சோலார் டேங்கு உச்சில ஒரு காத்துக் குழாய் நிக்கும், அது அந்தச் சின்ன டேங்கோட தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு அடியாவது இருக்கணும். கம்மியா இருந்தா அது வழியா தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், கொட்டுதேன்னு எவனாவது அத மூடி போட்டு அடச்சான்னா அத விட ஆபத்து, உள்ள ஆவி சேந்து டேங்கு வெடிக்கும் இல்லாட்டி தண்ணி இறங்குறப்ப காத்து இல்லாம டேங்கு சப்பளிஞ்சு போகும். நான் பாத்திருக்கேன், தகர டின்ன மிதிச்ச மாதிரி.

காலை நிழலப் பத்தி கவலை வேணாம், வெயிலோட கனம் பத்துலேர்ந்து மூணு வரைக்கும்தான். வேப்பமரத்துக் கிளைய மட்டும் கழிச்சு விடுங்க, மார்கழி சூரியன் தெக்க தாழ்ந்து வர்றப்ப அந்த நிழலு நீண்டு வரும், இப்ப பாத்துட்டு விழலன்னு விட்டுறாதீங்க.

அடமழைக்கு டேங்குல கரண்டு எலிமெண்ட் ஒண்ணு வச்சு வாங்குங்க. மேகமா நாலஞ்சு நாள் நின்னா விடிகாலைல குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடுங்க, போதும். ராத்திரி பூரா போட்டு விடாதீங்க, பகல்லயும் போடாதீங்க, நீங்க கரண்டுல சுட வச்சுட்டா அப்புறம் சூரியனுக்கு என்ன வேலை. உப்புத் தண்ணில அந்த எலிமெண்ட்ல சுண்ணாம்பு பொறுக்கு கட்டும், வருசா வருசம் கழட்டிப் பாக்கணும்.

40 பேருக்கு எந்த சோலாரும் வேணாம். எல்லாரும் நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரே நேரத்துல குளிப்பாக, ஆளுக்கு ஒரு வாளின்னாலும் 800 லிட்டரு, அதுக்கு 400 லிட்டரு சோலாரு வேணும், வருசத்துல மிச்ச நாளு அது மாடில சும்மா கொதிச்சுக்கிட்டு கெடக்கும். செப்பு அண்டாவ பழைய சாமான்காரனுக்கு போட்டுறாதீங்க. படைப்பு அன்னிக்கு ஆள வச்சு அடுப்பு மூட்டுங்க, ஆத்தாவ அந்தப் பக்கம் விடாதீங்க.

உப்பு_இஞ்சினியர்

ஒண்ணு சேக்கறேன். பெரியவுக ரெண்டு பேரும் உங்ககூட சென்னைக்கு ஒரு மாசம் வந்து தங்குறாகன்னு வைங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ட்யூப் மேல தார்ப்பாய் இல்லாட்டி பழைய போர்வைய போட்டு கட்டிட்டு வாங்க. யாரும் புழங்காட்டி தண்ணி கொதிச்சு ஆவியா போய்க்கிட்டே இருக்கும், மேல தண்ணியும் தீந்துச்சுன்னா காலி ட்யூப்புக்குள்ள சூடு 200 டிகிரிய தொடும். அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டுக்காரர் உதவி பண்றேன்னு மோட்டாரப் போட்டாருன்னா பச்சத்தண்ணி பட்டு ட்யூப் வரிசையா பட்டு பட்டுன்னு போகும்.

அதோட வாங்குற பொருள்ல ஐஎஸ் 16544ன்னு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, அது ட்யூப் சிஸ்டத்துக்கு. பிளேட்டுக்கு 12933.

தேவகோட்டை_ஆச்சி

தம்பி ஆத்தாகிட்ட சொல்லுங்க, வாளில முதல்ல பச்சத்தண்ணிய புடிச்சுட்டு அப்புறமா வெந்நீரத் தொறக்கணும்னு. பங்குனி சித்திரைல குழாய்ல வர்றது கைய வெந்துரும், பழக்கத்துல சொம்ப நேரா புடிச்சு தலைல ஊத்திக்கக் கூடாது. அடுப்பு வெந்நீர நாமளா விளாவி விளாவி பழகுன கை, குழாயப் பாத்தா அந்த நெனப்பு வராது.

பின்கட்டு_பையன்

சரி ஆச்சி, சொல்லிட்டேன். 100 லிட்டரு ட்யூப், கிளாஸ் லைனிங் டேங்கு, எலிமெண்டோட, அட்வான்ஸ் குடுத்தாச்சு. தண்ணி ரிப்போர்ட்டு வந்துச்சு, குளோரைடு கூடத்தான். அப்பச்சி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாக, தெருவுலேர்ந்து பாத்தா தெரியக்கூடாதாம், பின்கட்டுங்கறதால தெரியாது. ஆத்தா அண்டாவப் புளி போட்டு வெளக்கி முற்றத்துல கவுத்து வச்சிருக்காக, பாத்துட்டுப் பாத்துட்டு போறாக. வெள்ளிக்கிழமை மாட்ட வர்றாங்க, பத்து மணிக்கு வர்றோம்னாங்க.

கோட்டையூர்_பைப்பு

பத்து மணிக்கு வேணாம். ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க, ட்யூப் மாட்டி தண்ணி நிரப்புற வேலை எட்டுக்குள்ள முடியணும். முடியாட்டி நிரப்புற வரைக்கும் துணிய போட்டு மூடி வைக்கச் சொல்லுங்க. வெயில்ல காஞ்ச ட்யூப்புல தண்ணிய விட்டு மொத நாளே நாலு ட்யூப்ப உடச்சுட்டு கம்பெனி மேல பழி போட்டுட்டு போவானுங்க.